தாத்தா, வாய், கெட்டது

ஆனி 1, திங்கள்

இந்த நோட்டைச் சிறப்புக் குழந்தைகள் மையத்து ஜெசிந்தா டீச்சர் கொடுத்தார். பேத்தி யுவஸ்ரீ தன் பட அட்டையில் எந்தெந்தப் படத்தைத் தொட்டாள் என்று தினமும் எழுத வேண்டுமாம். "அவ காட்டினத மட்டும் எழுதுங்க ஐயா. அர்த்தம் நீங்க சேர்க்காதீங்க" என்றார். எனக்குக் கையெழுத்துக் கிடையாது, பெருவிரல்தான். ஆகவே நான் சொல்லச் சொல்ல, எதிர்வீட்டில் ஜாக்கெட் தைக்கும் செண்பகம் எழுதுகிறாள். பன்னிரண்டாவது படித்தவள். "நீங்க பேசுறத அப்படியே எழுதுனா டீச்சர் என்னயத்தான் கேவலமா நெனைக்கும் மாமா. நான் புத்தகத்துல இருக்க மாதிரி எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். எழுதட்டும்.

யுவஸ்ரீக்கு எட்டு வயது. பிறக்கும்போது மூச்சு முட்டியதில் கை கால் சொன்னபடி கேட்காது, வாயில் சொல் வராது. காது நன்றாகக் கேட்கும். புத்தியில் குறை ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலியின் முன்பலகையில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. அதில் இருபத்து நான்கு படங்கள். அம்மா, தாத்தா, ஆயா, தண்ணீர், சோறு, வாய், வலி, வா, போ, நல்லது, கெட்டது, இப்படி. இடது ஆள்காட்டி விரலால் தொடுவாள். எந்த விரல் என்று மறக்காமல் இருக்க மையத்து ஆயா பாண்டியம்மா தினமும் அந்த விரல் நுனியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுவாள். பொட்டு வந்த பிறகுதான் விரல் படத்தின்மேல் போய் விழ ஆரம்பித்தது. ஆம் என்றால் கூரையைப் பார்ப்பாள். இல்லை என்றால் கண்ணை இறுக மூடுவாள்.

மகள் தவமணி போடியில் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறாள். மருமகன் மலைக்கு அந்தப் பக்கம் தோட்ட வேலை. பகல் ஒரு மணிக்கு மைய வேனில் வந்து இறங்கும் பிள்ளையைத் தவமணி வரும்வரை பார்த்துக்கொள்வது நான். எழுபத்தெட்டு வயதுக்காரனுக்கு இந்த வீட்டில் அது ஒன்றுதான் வேலை. அதற்குத்தான் சோறு. மகன் வீட்டில் அதுவும் இல்லை என்று இரண்டு வருஷம் முன்பே சொல்லிவிட்டார்கள்.

போன வியாழன், வைகாசி இருபத்தெட்டு, பிள்ளை விழுந்து நெற்றியில் நான்கு தையல். வேனில் இருந்து தூக்கி வந்த பாண்டியம்மா வாசற்படியில் கை நழுவவிட்டாள். இதையும் எழுதச் சொன்னேன். "அட்டையில காட்டுனதத்தான எழுதணும்?" என்றாள் செண்பகம். எழுது என்றேன்.

இன்று காட்டியது: தண்ணீர். அம்மா. போ.

ஆனி 2, செவ்வாய்

தண்ணீர். ஆயா. சோறு வேண்டாம் என்று கண்ணை மூடினாள். சோறு குழைந்துவிட்டது. என் தப்புதான்.

ஆனி 4, வியாழன்

இன்று மூன்று படத்தைச் சேர்த்துத் தொட்டாள். தாத்தா. வாய். கெட்டது.

செண்பகம் தையல் மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். "மாமா, ஒங்க வாய் நாறுதாம்! அறுபது வருசமா புகையிலையப் போட்டு அடக்குனா வேற என்னத்த மணக்கும்?"

"ஏன்த்தா, நீயும் இத்தன நாளா சொல்லல?"

"நான் சொன்னா கேப்பீகளா? பேத்தி சொல்லவும்தான் ஒறைக்கிது."

நானும் சிரித்தேன். பிள்ளை சிரிக்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள். வெயில் முகத்தில் அடிக்கிறது என்று நாற்காலியைத் திருப்பி வைத்தேன்.

ஆனி 5, வெள்ளி

புகையிலையை விட்டுவிட்டேன். மீதி இருந்த பட்டையைச் சாக்கடையில் போட்டேன். தவமணிக்கு ஆச்சரியம். "அம்மா உசுரோட இருக்கையில தலகீழா நின்னு கேட்டாக, விடல. இப்ப இவ ஒரு படத்தத் தொட்டதும் விட்டுட்டீகளாக்கும்!" என்று சொல்லி, ஸ்டோரில் கழிவாகத் தள்ளிய வெடித்த ஏலக்காய் கொஞ்சம் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். வாயில் அடக்கிக்கொண்டேன்.

பிள்ளையின் முகத்தருகே போய் ஊதிக் காட்டினேன். ஏலக்காய் மணத்தது. அவள் மறுபடியும் அதே மூன்றைத் தொட்டாள். தாத்தா. வாய். கெட்டது. இன்றைக்கு மட்டும் நான்கு தடவை.

புகையிலை அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகுமா? உள்ளே ஊறிக் கிடக்கும். அதைத்தான் சொல்கிறாள்.

ஆனி 8, திங்கள்

மையத்து ஆபீசில் இருந்து கூப்பிட்டிருந்தார்கள். செயலாளர் இருந்தார், டீச்சர் இருந்தார், பாண்டியம்மா நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னதை எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் வாசித்துக் காட்டினார். வாசற்படி, கை நழுவல், நான்கு தையல், எல்லாம் சரியாக இருந்தது.

பாண்டியம்மா அழவில்லை. என்னையே பார்த்தாள். "அண்ணே, பிள்ளைய நாற்காலியில உக்கார வச்சு, பெல்ட்ட மாட்டி, ஒங்க கையில ஒப்படச்சுட்டுத்தான நான் வேன்ல ஏறுனேன்? தண்ணி வேணுமா ஆயான்னுகூடக் கேட்டீகளே. ஞாபகம் இல்லையா?"

எனக்கு எதுதான் ஞாபகம் இல்லை? எட்டு வயதில் கட்டியிருந்த கோவணத்தின் கரை என்ன நிறம் என்று கேட்டாலும் சொல்வேன்.

"வயசான காலத்துல நான் எதுக்குத்தா இல்லாதத சொல்லப் போறேன்" என்றேன்.

டீச்சர், "பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே சார். அவ பதில் சொல்வா" என்றார்.

"எப்படி மேடம்? பிள்ள கூரையப் பார்த்துச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதவா? நாளைக்கு மேல இருந்து கேட்டா நான்ல பதில் சொல்லணும்" என்றார் செயலாளர்.

மைப்பெட்டியைத் தள்ளினார்கள். பெருவிரலை நானேதான் வைத்தேன், யாரும் பிடித்து அழுத்தவில்லை. என் விரல் மையில் தோய்ந்து காகிதத்தில் விழுந்தால் அது சாட்சி. பிள்ளையின் விரல் படத்தில் விழுந்தால் அது சாட்சி இல்லை. ஆபீஸ் அப்படித்தான்.

வெளியே வரும்போது வகுப்பு ஜன்னலில் பார்த்தேன். பாண்டியம்மா குனிந்து பிள்ளையின் விரலில் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனி 9, செவ்வாய்

வேனில் புது ஆள். பிள்ளையின் விரலில் பொட்டு இல்லை. விரல் படங்களுக்கு நடுவில் கோட்டில் போய் விழுகிறது.

ஆயா. வா. ஆயா. வா. பதினான்கு தடவை.

ஆனி 12, வெள்ளி

தவமணி சீக்கிரமே வந்துவிட்டாள். வழியில் பாண்டியம்மாவைப் பார்த்தாளாம். "அவுக ஒரு வார்த்த ஏசலப்பா. பிள்ளைக்குப் புண்ணு ஆறிருச்சான்னு மட்டும் கேட்டாக" என்றாள். சோறு போடாமல் பிள்ளையின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"யுவா, அம்மாவப் பாரு. ஆயா தூக்கிட்டு வரயில கீழ விழுந்தியா?"

பிள்ளை கண்ணை மூடினாள்.

தவமணி என் பக்கம் திரும்பினாள். நான் உடனே சொன்னேன்: "அதக் கேட்டதும் பயத்துல கண்ண மூடுது பாரு. விட்ரு, பிள்ளைய மறுபடி மறுபடி கெளறாத."

"பயமா?"

"விழுந்த பயம் இருக்காதா?"

தவமணி எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தாள். பிள்ளை அதன் பிறகும் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

இதை எழுதி முடித்துவிட்டுச் செண்பகம் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "மாமா, இல்லன்னாத்தான கண்ண மூடும்? மொத நாளே நீங்கதான எழுதச் சொன்னீக?" என்றாள். பயத்திலும் மூடும் என்று எழுது என்றேன். நான் சொன்னேன் என்று எழுதுகிறாள்.

ஆனி 14, ஞாயிறு

மையம் லீவு. பிள்ளை தூங்குகிறாள். சும்மா இருக்கும்போது பழசு வருகிறது.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். பேச்சியம்மா. குலசாமி பெயர். பேச்சி என்று பெயர் வைத்த பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. அவளுக்கு அந்தக் காலத்தில் மையம் ஏது, அட்டை ஏது? கைதான். அவள் கைப்பேச்சு வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை, எனக்கு மட்டும் பிடிபட்டது. காதைத் திருகினால் ஆடு. உள்ளங்கையை நக்கினால் உப்பு. நெற்றியில் கோடு இழுத்தால் அப்பன். நாக்கு நுனியை இரண்டு விரலால் பிடித்து, ஒட்டிய அழுக்கை உதறுவது மாதிரி உதறினால், பொய். அம்மாவே என்னைத்தான் கூப்பிடுவாள். "டேய் மொக்கச்சாமி, இவ என்னமோ கேக்குறா, வந்து சொல்லிட்டுப் போ."

எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஒன்பது. கார்த்திகை மாதம், மழை விட்ட மறுநாள். ஆட்டுப் பட்டிப் படலைக் கட்டாமல் விளையாடப் போனவன் நான். நாய் புகுந்து இரண்டு குட்டியைக் கடித்துப் போட்டுவிட்டது. ஒன்று வெள்ளை, ஒன்று காதில் மட்டும் கறுப்பு. அப்பன் வந்து கேட்டார். பேச்சிதான் திறந்து போட்டாள் என்றேன். யோசிக்கவே இல்லை. வாயில் அதுவாக வந்தது.

அப்பன் புளிய விளாறை எடுத்தார். முதுகில் விழ விழ அவள் என்னைக் காட்டினாள், நாக்கைப் பிடித்து உதறினாள். என்னைக் காட்டினாள், உதறினாள். அப்பன் அடியை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்: "என்னடா சொல்றா?"

"இனிமே செய்ய மாட்டேன்ங்கிறா" என்றேன்.

அவள் காது கேட்கும் பிள்ளை.

அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தாள். காய்ச்சலில் போனாள். அந்தப் பத்து வருஷத்தில் என்னைப் பார்த்து ஒரு நாள்கூடக் கையை அசைக்கவில்லை. பசித்தால் சட்டிப் பக்கத்தில் போய் நிற்பாள். காய்ச்சல் எத்தனை நாளாக என்று வைத்தியர் கேட்டபோது, அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செண்பகம் மிஷினை ஓட்டாமல் இருந்தாள். "இப்ப எதுக்கு மாமா இது?"

"ஞாபகம் வந்துச்சு."

"டீச்சர் படிக்கிற நோட்டு மாமா."

"படிக்கட்டும். அறுபத்தேழு வருசத்துக் கத. இதுல டீச்சருக்கு என்ன?"

ஆனி 17, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீர் நான்கு குடம் பிடித்தேன். மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

தாத்தா. வாய். கெட்டது. ஒரே தடவை. செண்பகம் சிரிக்கவில்லை.

ஆனி 19, வெள்ளி

டீச்சர் நோட்டை வாங்கிப் பார்க்க வீட்டுக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதினான்காம் தேதிப் பக்கத்தில் நெடுநேரம் இருந்தார்.

"தாத்தா, வாய், கெட்டது. ஆறு தடவை வந்திருக்கு ஐயா. புகையிலைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா டீச்சர். விட்டுட்டேன்."

"விட்டு ரெண்டு வாரம் ஆச்சே?"

நான் வாயைத் திறந்தேன். ஏலக்காய் கீழே விழுந்துவிட்டது. குனிந்து தேடினேன்.

டீச்சர் பிள்ளையிடம் கேட்டார். "யுவா, தாத்தா வாய் நாத்தம் அடிக்குதா?" பிள்ளை கண்ணை மூடினாள். "வலியா, தாத்தாவுக்கு?" கண்ணை மூடினாள். "நீ சொல்ல நினைக்கிற வார்த்தை இந்த அட்டையில இருக்கா?" கண்ணை மூடினாள். மூடிய கண்ணில் இருந்து தண்ணீர் வந்தது.

"படம் பத்தலை. அது என் தப்பு" என்றார் டீச்சர். "சாப்பிடற படம், குடிக்கிற படம், வலிக்கிற படம். பெரியவங்களுக்கு எதெல்லாம் வசதியோ அதைத்தான் ஒட்டியிருக்கேன்."

திங்கட்கிழமை புதுப் படம் ஒன்று கொடுத்தனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். என்ன படம் என்று நான் கேட்கவில்லை.

ஆனி 21, ஞாயிறு

ரேஷன் கடைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏது ரேஷன் என்று செண்பகம் கேட்கிறாள். பாண்டியம்மா வீட்டுக்குப் போனேன் என்று எழுது. பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "திருப்பூருக்குப் போயிட்டாக, பனியன் கம்பெனிக்கு. பிள்ளையக் கீழ போட்டவகன்னு இங்க ஒருத்தரும் வேல குடுக்கலய்யா. நீங்க யாரு?" என்றாள்.

யாருமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனி 22, திங்கள்

புதுப் படம் வந்துவிட்டது. ஒரு முகம். வாயில் இருந்து கோணல்மாணலாக ஒரு கோடு கிளம்பி வெளியே போகிறது. நாக்கைப் பிடித்து உதறினால் எப்படியோ, அப்படி. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க எனக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

மையத்தில் காலையெல்லாம் அதைப் பழக்கினார்களாம். வாழைப்பழத்தைக் காட்டி இது மாடு என்று டீச்சர் சொன்னாராம், பிள்ளை சிரித்துக்கொண்டே அந்தப் படத்தைத் தொட்டாளாம். செருப்பைக் காட்டி இது தோசை என்றாராம், தொட்டாளாம். அவ்வளவுதான் பழக்கினேன், வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்று தவமணிக்குப் போனில் சொல்லியிருக்கிறார்.

பகல் ஒரு மணியில் இருந்து தவமணி வரும்வரை பிள்ளை அட்டையையே தொடவில்லை. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. காத்திருந்தாள்.

தவமணி வந்தாள். பிள்ளையின் விரல் கோட்டிலேயே போய்ப் போய் விழுந்தது. தவமணி தன் நெற்றிப் பொட்டை எடுத்து அந்த விரல் நுனியில் ஒட்டினாள்.

தாத்தா. பொய். ஆயா. நல்லது.

மறுபடியும் முதலில் இருந்து. தாத்தா. பொய். ஆயா. நல்லது. அட்டை நாற்காலியில் தடதடவென்று ஆடியது.

தவமணி என்னைப் பார்த்தாள். "அப்பா, என்ன சொல்றா?"

அறுபத்தேழு வருஷம் கழித்து அதே கேள்வி. வாயில் ஏதோ அதுவாக வரத்தான் பார்த்தது. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று வந்தது. புதுப் படம், கைப்பழக்கம் என்று வந்தது. பிள்ளை கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தான் சொல்றா" என்றேன்.

வைகாசி இருபத்தெட்டு, பகல் ஒன்றே கால். பாண்டியம்மா மாட்டிவிட்டுப் போன பெல்ட்டைப் புழுங்குகிறது என்று அவிழ்த்தவன் நான். புகையிலை தீர்ந்திருந்தது. வாசல் பலகைச் சரிவின்மேல் நாற்காலியை விட்டுவிட்டு முக்குக் கடைக்குப் போனேன். அங்கே இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தேன். நாற்காலி சாக்கடை ஓரம் கவிழ்ந்து கிடந்தது. செண்பகம் அன்று துணி எடுக்கத் தேனிக்குப் போயிருந்தாள். பிள்ளைக்குக் கத்த வராது. அதனால் தெருவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவளைத் தூக்கும்போதே யோசித்துவிட்டேன், இவள் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாள் என்று. நான்காம் தேதியே எனக்குத் தெரியும், வாய், கெட்டது என்றால் என்னவென்று. என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

தவமணி கத்தவில்லை. "புகையிலைய விட்டீகளே, அதுவும் நடிப்பாப்பா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று சொன்னாலும் இனி நம்பமாட்டாள்.

ஆனி 25, வியாழன்

தவமணி ஆபீசுக்குப் போய் வந்தாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்றாம். பெரியவர் கைநாட்டு வைத்தது வைத்ததுதான், இன்னொரு காகிதம் வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள், சேர்த்துக் கட்டி வைக்கிறோம் என்றாராம் செயலாளர். டீச்சர் திருப்பூர் நம்பரைத் தேடிக் கொடுத்தார். பாண்டியம்மா போனில், "நான் திரும்பி வரல தாயி. வந்து அந்தத் தெருவுல எந்த மூஞ்சியோட நடக்க? பிள்ளைக்குப் பொட்டு மட்டும் மறக்காம ஒட்டிவிடு" என்றாளாம். போனை என்னிடம் கொடுக்கட்டுமா என்று தவமணி கேட்டதற்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டாளாம்.

பிள்ளை இப்போது பகலில் செண்பகத்தின் கடையில் இருக்கிறாள். பெல்ட்டைச் செண்பகம் மாட்டுகிறாள். நான் தெருவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். சோறு வேளாவேளைக்கு வருகிறது. ஆடி பிறந்ததும் மகன் வந்து கூட்டிப் போவான் என்று தவமணி சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் நோட்டு எழுதப் போனேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். பொட்டு வைத்த விரலைத் தூக்கினாள். அவசரப்படாமல், கோட்டில் விழாமல், இரண்டே படம்.

தாத்தா. போ.

"வெளிய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகச் சொல்றாளோ என்னமோ மாமா" என்றாள் செண்பகம், என்னைப் பார்க்காமல்.

அதை எழுதாதே என்றேன். இரண்டு படத்தை மட்டும் எழுது. தாத்தா. போ. இந்த நோட்டில் இன்றைக்குத்தான் அர்த்தம் எதுவும் சேர்க்கவில்லை. இதன் கீழே வைத்திருப்பது என் பெருவிரல்.